அன்றைக்கே வந்து சேர்ந்த பூ

இன்று காலை கல்முனை பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. காரைதீவில் பஸ் நின்றபோது முதலில் ஒரு நனைந்த சாக்கு ஏறியது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்னாலேயே நடுவயதுப் பெண் ஒருவர் ஏறினார். எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து சாக்கை மடியில் வைத்துக்கொண்டார். ஈரச் சணலின் மணம் வந்தது, நசுங்கிய இலையின் மணம் வந்தது, பிறகு அவற்றுக்கு அடியிலிருந்து செவ்வந்தியின் மணம் வந்தது.

உன் புருசனாக நான் உனக்கு ஒரே ஒரு தடவைதான் பூ அனுப்பினேன். அந்தப் பூ எப்படி மணத்தது என்று எனக்குத் தெரியாது. அது உன் வாசலுக்கு வந்தபோது நான் கடலுக்கு அந்தப் பக்கம், குளிரூட்டிய அறை ஒன்றில், ஒரு இயந்திரத்தின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, அந்தச் சாக்க மேல தட்டில போடுங்க. ஆக்கள் நிக்கிறாங்க" என்றார் கண்டக்டர்.

"மேல போட்டாப் பூ நசுங்கிப் போகும். நீங்க ஒங்கட டிக்கட்ட வெட்டுங்க தம்பி."

"ஆர்ட கலியாணம்?"

"கலியாணத்துக்கு நான் இப்பிடி விடியச்சாமத்தில ஓடித் திரிவனா? எங்கட கோயிலடி வாத்தியார் மோசம் போயிட்டார். பின்னேரம் அடக்கம். அதுக்குள்ள வளையம் கட்டி முடிக்கோணும்."

அப்போதுதான் எனக்கு அவர் யார் என்று விளங்கியது. கல்முனையில் மலர்வளையம் கட்டுகிறவர் ஒருவர்தான். வேதக்கார ஆக்கள் என்கிற கிறிஸ்தவர்களின் செத்த வீடுகளுக்கும் கலியாணங்களுக்கும் அவர்தான் பூ. நீ போன பிறகு நான் கல்முனைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். றேடியோ திருத்தும் வேலைக்கு ஈயமும் வயரும் வாங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மெதடிஸ்ற் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவை விட்டுச் சுற்றித்தான் போயிருக்கிறேன். அந்தத் தெருவில் அவர் வீடு இருக்கிறது என்று தெரியும். அவரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அதற்கு வரப்போகும் பதிலை நினைத்துத்தான் சுற்றிப் போனேன்.

அந்தக் கேள்வியை என் தலைக்குள் வைத்தவர் என் மாமி, உன் உம்மா. நான் வந்து சேர்ந்தபோது உன் ஜனாஸா அடக்கி முடிந்துவிட்டது. கபுறடிக்குப் போய் உன் தலைமாட்டில் நட்ட மீசான் கட்டையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மாமி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உள் அறையில் இருந்தார். என்னைப் பார்த்து அழவில்லை. "உசிரோட இரிக்கிற புள்ளைக்கு மையத்துப் பூவ அனுப்புவாங்களா மகன்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டார். சட்டையைத் தோய்த்துப் போட்டார். உன் பெயருக்கு எழுதின வீட்டில், உன் உம்மாவின் கையால் சாப்பிட்டுக்கொண்டு, அந்த ஒரு வசனத்தோடு நான் இருந்தேன்.

தெருவில் பாதிக் கதை கிடைத்தது. கல்முனையிலிருந்து கார் ஒன்றில் மலர்வளையம் வந்ததாம். நீயே அதைப் பார்த்தாயாம். அந்தக் கிழமையே ஆஸ்பத்திரியில், பிள்ளை பிறந்த பிறகு, இரத்தம் நிற்காமல் நீ போய்விட்டாய். இரத்தப் போக்குக்கும் பூவுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் படித்தவன், ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால் முதலாவதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அறிய வேண்டியிருந்தது வேறு. அந்த வளையத்தைப் பார்த்த பிறகு, உன் கடைசி நாட்களில், நீ பயந்துகொண்டு இருந்தாயா?

*

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம் நமக்குக் கலியாணம். காற்றோடு போன உன் வீட்டுக் கூரைக்குப் புது ஓடு போட்டு முடித்த கையோடு என்னைக் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் மழைக்கு நீ அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொன்னாய்: "ஓடும் புதிசி, மாப்பிளையும் புதிசி. எது முதல்ல ஒழுகப் போகுதெண்டு பாப்பம்." நான் சிரிக்கவில்லை. எந்த ஓட்டில் ஒழுக்கு என்று தேட ஏணி எடுக்கப் போனேன். நீ அதற்கும் சிரித்தாய்.

உனக்கு வாய் இருந்தது, எனக்குக் கைதான் இருந்தது. நான் மேசையில் ஒரு றேடியோவைக் கழற்றி வைத்தால் நீ வந்து பக்கத்தில் உட்காருவாய், கதை சொல்லுவாய், நான் தலையை ஆட்டுவேன். "ஒங்கட உம்மா ஒங்களுக்கு ஸ்பீக்கர் பூட்ட மறந்திட்டா போல மச்சான்" என்பாய். அந்தச் சத்தத்தை, அந்தப் பகிடியை, அப்படியே வீட்டில் விட்டுவிட்டு நான் வெளிநாட்டுக்குப் போனேன். டெலெக்ஸ் இயந்திரம் திருத்தத் தெரிந்த ஆள் அங்கே தேவைப்பட்டது. ஒரு ஊரில் தட்டினால் இன்னொரு ஊரில் தானாக எழுதும் இயந்திரம் என்று உனக்கு விளங்கப்படுத்தினேன். "அப்ப எங்கட ஊட்டில ஒண்டு வைங்க. நீங்க கதைக்காட்டியும் அது கதைக்கும்" என்றாய்.

நாம் கசெட்டில் பேசிக்கொண்டோம். லீவில் போகிற அண்ணன், காக்கா யாரிடமாவது நான் பேசிப் பதிந்த கசெட்டைக் கொடுத்து விடுவேன், திரும்பி வருகிறவர் உன்னுடையதைக் கொண்டு வருவார். சேலை, போர்வை, பால்மா, எல்லாம் அப்படித்தான் போயின. ஒரு கசெட்டில் நீ சொன்னாய்: "மச்சான், போர்வை கிடைச்சிச்சி. சம்மாந்துறைக் காக்கா ஒராள் கொண்டு வந்து தந்தார். ஒரு சாமான எண்டாலும் ஒங்கட கையால வாங்கணும் எனக்கு. எல்லாத்தையும் ஆரோ ஒரு காக்காட கையாலதான் வாங்குறன்." பின்னால் மாமியின் சத்தம் கேட்டது: "கதைச்சது போதும் புள்ள, பெட்ரி முடிஞ்சிரும்!" நான் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுச் சிரித்தேன். சிரித்ததோடு சரி.

பிறகு நீ பிள்ளைத்தாய்ச்சி ஆனாய். பிள்ளை பிறக்கும்போது வருவேன் என்று சொன்னேன். லீவு கிடைத்தது, டிக்கட்டும் வந்தது. அந்த நேரம் பார்த்துப் புது இயந்திரங்கள் வந்து இறங்கின. அவற்றைப் பூட்டி முடித்துக் கொடுத்தால் என்னை மேற்பார்வைக்குப் போடுவதாகவும் குடும்பத்தோடு தங்க இடம் தருவதாகவும் கம்பனிப் பெரியவர் சொன்னார். போகவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. யோசித்துச் சொல் என்றார். நான் அன்று பின்னேரமே சரி என்றேன். உன்னைக் கூட்டிக்கொண்டு வரத்தானே இவ்வளவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. ஆனால் புது இயந்திரத்தின் பெட்டியை இன்னொருவன் திறப்பதை நான் விரும்பவில்லை என்பதும் உண்மை.

விஷயத்தைக் கசெட்டில் சொல்லி அனுப்பினேன். உன் பதில் வந்தது. அதுதான் நீ பேசி அனுப்பிய கடைசிக் கசெட். "மச்சான், நீங்க சொன்னதக் கேட்டன்" என்று தொடங்கினாய். அதற்குப் பிறகு ஒரு டொக் என்ற சத்தம். பிறகு மறுபடி உன் குரல், கொஞ்சம் உரத்து: "உம்மாவும் கேட்டா. வேலைய முடிச்சிட்டே வாங்க. நான் எங்க ஓடியா போகப் போறன்?"

அந்த டொக் சத்தத்தை அன்றே கவனித்தேன். றெக்கோடரின் பொத்தானில் பழுது, அல்லது பெட்ரி தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்து ஊருக்குப் போன ஆளிடம் புதுப் பெட்ரி கொடுத்து விட்டேன். நீ றெக்கோடரை நிறுத்தினாய், கொஞ்சம் இருந்தாய், பிறகு மறுபடி போட்டாய் என்பது நீ போன பிறகுதான் எனக்கு உறைத்தது. எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்திருந்தாய் என்று அந்த நாடாவில் இல்லை. எந்தக் கருவியாலும் அதை அளக்க முடியாது.

*

நான் வந்து இறங்கியிருக்க வேண்டிய நாள் வந்தது. அன்று காலை ஒரு பெரிய ஹோட்டலில் டெலெக்ஸ் இயந்திரம் நின்றுவிட்டதென்று என்னை அனுப்பினார்கள். வரவேற்பறைக்குப் பக்கத்தில் கண்ணாடியால் ஒரு பூக்கடை. உலகத்தில் எந்த ஊருக்கும் அன்றைக்கே பூ போய்ச் சேரும் என்று எழுதி வைத்திருந்தார்கள். இயந்திரத்தைச் சரிப்படுத்திவிட்டு வெளியே வந்தவன் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றேன்.

கடையில் ஒரு மலையாளி இருந்தார். "எந்த ஊரு?" என்று கேட்டார்.

"நிந்தவூர்."

"அங்கே பூக்கடை உண்டோ?"

"இல்லை. பக்கத்து ரவுண் கல்முனையிலும் இல்லை."

அவருக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. கொழும்பில் அவர்களுக்கு ஒரு கடை இருக்கிறது, அந்தக் கடைக்கு ஒவ்வொரு ஊரிலும் பூக் கட்டுகிற ஆள் தெரியும், ஆளுக்கு ஆள் சொல்லி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்றார். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துப் போயிற்று. நான் வேலை செய்யும் கம்பிகளைப் போலத்தான் அதுவும். ஒரு நிலையம் அடுத்த நிலையத்துக்குச் சொல்கிறது.

செய்தியை நானே தட்டினேன், நான் அப்போதுதான் திருத்திய அதே இயந்திரத்தில். உன் பெயர், வீட்டு விலாசம், கணவரிடமிருந்து பூ, இன்றைக்கே. 'கிடைத்தது' என்று கொழும்பிலிருந்து பதில் அடித்து வந்தது. அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று முழுவதும் லேசான மனதோடு வேலை செய்தேன். எனக்குப் பதிலாக ஏதோ ஒன்று சரியான நாளில் உன் வாசலுக்குப் போகிறது. அதைத் தர வருவது யாரோ ஒரு காக்காவாக இருக்காது, பூக்காரராக இருப்பார் என்று நினைத்தேன். என் மனம் லேசாக இருந்ததுதான் இப்போது தாங்க முடியாமல் இருக்கிறது.

*

கல்முனைச் சந்தையடியில் அந்த அக்கா இறங்கினார். நானும் இறங்கினேன். சாக்கைத் தூக்க ஒரு கை கொடுத்தேன். யார் என்று கேட்டார். நிந்தவூர் என்றேன். பிறகு வேறு விதமாகச் சொல்லத் தெரியாமல், "வெளிநாட்டில இருந்து தந்தி வந்து நீங்க ஒருக்கா வளையம் கொண்டு வந்த வீடு. அத அனுப்பினது நான்தான்" என்றேன்.

அவர் நடுத் தெருவில் நின்றுவிட்டார். "ஐயோ தம்பி" என்றார். சாக்கை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "வாங்க, வீட்ட போய்க் கதைப்பம். எனக்கு இதக் கட்டியும் முடிக்கோணும்" என்றார்.

அவர் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, மூங்கிலை வளைத்துச் செய்த வளையத்தை நடுவில் வைத்து, குரோட்டன் இலைகளைச் சுற்றிலும் செருகத் தொடங்கினார். "கம்பி முறுக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். அது மட்டும்தான் தெரியும் என்றேன். குறடு ஒன்றைத் தந்தார். யாரோ ஒரு வாத்தியாருக்கான வளையத்துக்கு நான் கம்பி முறுக்கிக் கொடுக்க, அவர் சொல்லிக்கொண்டு போனார்.

"தம்பி, கொழும்பில இருந்து எனக்குத் தந்தி வந்தா அது செத்த வீட்டுக்குத்தான். கலியாணம் எண்டா ஒரு மாசத்துக்கு முன்னுக்கே வந்து கதைப்பாங்க. என்ன நிறம், எத்தின மால, பொம்புளைட கைக்கு என்ன பூ, எல்லாம் பேசி ரெண்டு தரம் மாத்துவாங்க. இண்டைக்கே பூ வேணும் எண்டு ஆர் கேக்கிற? செத்த ஆளுக்குத்தான் நாளைக்கு எண்டு வைக்கேலாது."

நான் அடுத்த கம்பியை அளந்து வெட்டினேன்.

"வெளிநாட்டில இருந்து புருசன், பொஞ்சாதிக்கு, இண்டைக்கே பூ. நீங்களே சொல்லுங்க, நான் வேற என்னத்த நினைக்கிற?"

"முஸ்லிம் வீடெண்டு பேரப் பாத்தா விளங்கியிரிக்குமே அக்கா. எங்கட ஆக்கள் மையத்துக்கு வளையம் வைக்கிறல்ல."

"அது தெரியும். கையில தந்திய வைச்சுக்கொண்டு அதத்தான் யோசிச்சன். மறுகா நினைச்சன், பாவம், மனுசன் முகத்தக் கூடப் பாக்கேலாமத் தூரத்தில கிடக்கான், அவன் இரிக்கிற நாட்டில இதுதான் வழக்கமாக்கும் எண்டு. ஒங்கட ஆக்கள் வைச்சுக்கொண்டு இரிக்க மாட்டாங்க, கெதியா எடுத்திருவாங்க எண்டு பயம் வேற. சோறு தின்னாமக் கட்டி முடிச்சன். என்ட தம்பிட ஹயர் காரில ஏறிக் காரைதீவு தாண்டு மட்டும் அழுதுகொண்டுதான் போனன். முகம் தெரியாத பிள்ளைக்கு."

நிந்தவூர்ச் சந்திக் கடையில் காரை நிறுத்தி மையத்து வீடு எது என்று அவர் விசாரித்திருக்கிறார். உன் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் தராசை விட்டுவிட்டு, "இன்னாலில்லாஹி, காலையிலதானே தேங்கா வாங்கிட்டுப் போனா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாராம். கார் நம் ஒழுங்கைக்குத் திரும்பும்போது பின்னால் ஆட்கள் ஓடி வந்தார்களாம்.

"நீ" என்று சொல்ல வந்து நாக்கைத் திருத்திக்கொண்டேன். "அவ என்ன செஞ்சா?" என்று கேட்டேன்.

அக்கா சிரித்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனாலும் சிரித்தார். "அவவா? நான் ரிப்பனில பெரிசா எழுதிக் கொண்டு போயிரிக்கன், அன்பு மனைவிக்குக் கணவர் எண்டு. அத ஒரு எழுத்து விடாம வாசிச்சா. என்ட முகத்தப் பாத்தா. மறுகா வயித்தப் பிடிச்சுக்கொண்டு ஒரு சிரிப்பு. சிரிச்சுச் சிரிச்சு மதில்ல சாஞ்சிற்றா. எனக்கு நிலம் பிளந்து உள்ள போயிரணும் போல கிடக்கு. ஆக்கள் அழுதுகொண்டு வாறாங்க, ஒருத்தி ஒப்பாரியே வைக்கிறா. அவ வாசல்ல நிண்டு சொல்றா, 'வாங்க, வாங்க. மையத்து நான்தான். இரிங்க, தேத்தண்ணி ஊத்துறன்' எண்டு."

எனக்கு உன் குரல் அப்படியே கேட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, கசெட் இல்லாமல்.

"ஒங்கட மாமியார் எங்கயோ பக்கத்து வீட்டில இருந்து ஓடி வந்தா. 'வாயக் கழுவுடி' எண்டு அவக்கு ஏச்சு, எனக்கு ஏச்சு, ஒங்களுக்குப் பெரிய ஏச்சு. அந்தப் பிள்ள என்ன உள்ள கூட்டிக்கொண்டு போய் இருத்தி, உம்மாட வாயப் பாக்காதீங்க அக்கா எண்டு சொல்லி, தேத்தண்ணி தந்தா. 'எங்கட ஆக்களுக்கு மையத்துக்கும் பூ இல்ல, உசிருக்கும் பூ இல்ல. இந்த மனுசன் இத அனுப்பி வைச்சிரிக்கு, நான் இத என்ன செய்யிற? ஆட்டுக்குப் போட்டாலும் தின்னாதே' எண்டா. மறுகா நாங்க ரெண்டு பேரும் இருந்து வளையத்தப் பிச்சம். நல்ல பூவா எடுத்துத் தண்ணிச் சட்டியில போட்டா. ரிப்பன மட்டும் மடிச்சு எடுத்து வைச்சா. 'வரட்டும், அவர்ர கழுத்தில கட்டி விடுறன்' எண்டா."

அந்த ரிப்பனை நான் வீட்டில் எங்கும் காணவில்லை. மாமி எரித்திருக்கலாம். கேட்கவில்லை.

நீ பயப்படவில்லை. சிரித்திருக்கிறாய். இத்தனை மாதமாக நான் பழுது தேடுவது போலத் தேடிக்கொண்டிருந்தேன். ஹோட்டல், கொழும்பு, தந்திக் கந்தோர், கல்முனை என்று மனதுக்குள் ஒவ்வொரு இடமாக நிறுத்தி நிறுத்திச் சோதித்தேன். எல்லாரும் கேட்டதைக் கேட்டபடி செய்திருந்தார்கள். ஆனாலும் ஒரு வளையம் வந்துவிட்டது. அந்த வளையம்தான் என் குற்றம் என்று பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அதையும் நீயே பிய்த்துத் தண்ணிச் சட்டியில் போட்டுவிட்டாய்.

"அப்ப அவ பயப்படல்ல" என்றேன். இன்னொரு தடவை கேட்கத்தான் அப்படிச் சொன்னேன்.

அக்கா கையில் இருந்த செவ்வந்தியைக் கீழே வைத்தார். "பூவுக்குப் பயப்படல்ல தம்பி. அந்தப் பிள்ள முதல்ல பூவப் பாக்கவே இல்ல."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"கார் நிண்ட உடனே வாசலுக்கு வந்திற்றா. அந்த வயிறோட, ஒரு கையால கதவப் பிடிச்சுக்கொண்டு, மூச்சு வாங்குது. நான் முன் சீட்டில வளையத்த மடியில வைச்சுக்கொண்டு இரிக்கன். என்னையும் பாக்கல்ல, மடியில கிடக்கிறதையும் பாக்கல்ல. பின் சீட்டத்தான் குனிஞ்சு பாத்தா. மறுகா நிமிந்து காருக்கு மேல பாத்தா, பெட்டி கிட்டி கட்டியிரிக்கா எண்டு. அதுக்குப் பிறகுதான் என்னக் கண்டா."

அவர் செவ்வந்தியை எடுத்துச் செருகினார். நான் கம்பியை முறுக்கினேன். முறுக்கிக்கொண்டே இருந்து கம்பி அறுந்தது. "பறவாயில்ல தம்பி, வேற இரிக்கு" என்றார்.

நம் ஒழுங்கைக்குக் கார் வருவது எப்போது என்று உனக்கும் எனக்கும் தெரியும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள்தான் அதற்குள் காரோடு வருவார்கள், மேலே பெட்டி கட்டிக்கொண்டு. மற்ற எல்லாரும் சந்தியில் பஸ்ஸால் இறங்கி நடப்பார்கள். நான் வரமாட்டேன் என்று உனக்கு என் குரலாலேயே சொல்லியிருந்தேன். நீ சரி என்று உன் குரலாலேயே சொல்லியிருந்தாய். இருந்தும் அந்த நாளை நீ மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை, அதனால்தான் பூ அனுப்பினேன். அந்த நாளில் அந்த ஒழுங்கைக்குள் ஒரு காரை வரவைத்து, அதில் நான் இல்லாமல் விட்டேன். நான் ஒன்றும் அனுப்பாமலே இருந்திருந்தால் நீ அந்த வயிற்றோடு குனிந்திருக்க மாட்டாய்.

வளையத்துக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பழகிவிட்டிருந்தது. தொழுதுவிட்டுக் கையேந்தும்போது அது தானாக வரும். இதற்கு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

*

ஈயம் வாங்காமலே திரும்பினேன். மாமி முன் அறையில் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். உன் மகள் இப்போது தவழ்கிறாள். எண்ணெய்க் கையிலிருந்து வழுக்கி ஓட அவளுக்கு நன்றாகத் தெரியும். உன்னைப் போலவே யார் ஏசினாலும் சிரிக்கிறாள். நான் வாசற்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அக்கா சொன்னதையெல்லாம் மாமியிடம் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் மாமியிடம் பேசியது அதுதான் முதல் தடவை. பின் சீட்டை நீ குனிந்து பார்த்ததையும் சொன்னேன்.

மாமி தேய்ப்பதை நிறுத்தவில்லை. பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் எண்ணெய் ஊற்றினார்.

"அந்தக் காருக்கு மட்டுமா மகன்" என்றார். "அந்தக் கிழம முழுக்க, மெயின் றோட்டில ஒரு கார் மெதுவாப் போனாலும் அவ வாசலுக்குப் போனா. நான் கேப்பன், எங்க புள்ள எழும்பிப் போறாய் எண்டு. கோழி வெளிய போகுது உம்மா எண்டுவா. எங்கட ஊட்டில ஏது கோழி, அடுத்த ஊட்டுக் கோழி."

பிள்ளையின் காலை நீவி விட்டார்.

"ஒங்களப் பூவச் சொல்லித்தான் ஏசினன். பூவச் சொல்றது லேசா இரிந்திச்சி" என்றார். பிறகு பிள்ளையைத் தூக்கி எண்ணெயோடு என் மடியில் போட்டார். "புடிங்க, வழுக்கிருவா. நான் சுடுதண்ணி பாத்திட்டு வாறன்."

இரு கையாலும் பிடித்துக்கொண்டேன். சட்டையெல்லாம் எண்ணெய்.

நான் அந்த இடத்திலேயே இருந்தபோது பின்னேரம் ஒரு கார் ஒழுங்கைக்குள் வந்து எங்கள் மதிலடியில் நின்றது. அடுத்த வீட்டுக்கு யாரோ வந்திருந்தார்கள். நான் பிள்ளையோடு எழுந்து வாசலுக்குப் போனேன். எனக்கு யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துதான் போனேன். இனிமேலும் போவேன் என்று நினைக்கிறேன். கார் நின்ற சத்தத்துக்கு உன் கால்கள் எழுந்தது போல என் கால்களும் எழுகின்றன. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். குனிந்து பின் சீட்டைப் பார்க்க மட்டும் எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.